மாட்டுக்குக் கட்டிய நான்கு கேன்கள்

காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரை ஊரான தேவனாம்பட்டினத்திலிருந்து லாரி கிளம்பியது. லாரியின் மேல் ஒரு ஃபைபர் படகு. படகுக்குள் அரிசி, பால் பவுடர், பாய், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள். 2005 நவம்பர், கொள்ளிடத்தில் வெள்ளம். சேலத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கும் எனக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கடைத்தெருக்காரர்கள் சேர்த்த பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். லிஸ்ட் போடாமல் நான் சாமிகூடக் கும்பிட மாட்டேன் என்பாள் என் மனைவி. அது பாதி உண்மை.

படகு, கூடவே லாரியில் வந்த மீனவர் செல்வத்தினுடையது. பழைய படகைச் சுனாமி கொண்டுபோனபின் நிவாரணமாக வந்தது. ஆலப்பாக்கம் தாண்டி டீ குடித்தோம், இரண்டரை ரூபாய். புதுப் படகை இப்படித் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே என்று கேட்டேன்.

"சுனாமி அன்னிக்கு சாயங்காலம் எங்களுக்கு மொத சோறு பயிர் வெக்கிற ஊருக்காரவுங்கதான் கொண்டாந்தாங்க சார். எந்த ஊருன்னு கேக்கக்கூட தோணல. அதான், எந்த ஊரா இருந்தாலும் போறேன்."

நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான் சிதம்பரம். சாலையெல்லாம் தண்ணீர், மூன்று மணி நேரம் ஆனது. அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டரில் கொள்ளிடக் கரை. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, கரையில் நின்ற அதிகாரி ஒருவர் ஓடி வந்தார். மேலே அணையில் இன்னும் திறந்துவிட்டிருக்கிறார்கள். மூன்று மணிக்குள் தண்ணீர் இங்கே ஏறிவிடும் என்றார். ஆற்றுக்குள் இருக்கும் திட்டு ஊரில் எல்லோரும் கரையேறிவிட்டார்கள், அஞ்சலை என்ற ஒரு பெண்மணியைத் தவிர. அவர் வர மறுக்கிறாராம்.

படகை இறக்கிக் கிளம்பினோம். திட்டை நெருங்கும்போது எஞ்சின் ஓலமிட்டு நின்றது. தூக்கிப் பார்த்தால் விசிறியில் மல்லிகைச் செடி சுற்றிக்கொண்டிருக்கிறது, மொட்டோடு.

"கடல்ல இந்தத் தொல்லையெல்லாம் கெடையாது சார்" என்று செல்வம் கத்தியால் அறுத்தார். திட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது எங்க பூக்கொல்லப்பா! கெழக்கால வா, அங்கதான் வண்டிப்பாத!"

அஞ்சலைதான். தண்ணீருக்கடியில் இருந்த வண்டிப்பாதையின் மேலேயே படகு போய்ச் சேர்ந்தது. அவர் பக்கத்தில் ஒரு கறுப்புப் பசு, நிறைசினை.

"மாட்டை அப்புறமா வந்து கூட்டிட்டுப் போயிக்கலாங்க" என்றேன்.

"அப்புறம்னா? தண்ணி வந்தப்புறமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் லிஸ்டில் ஆட்கள்தான் உண்டு, மாடு கிடையாது என்றும் சொல்லித் தொலைத்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். செல்வம் என் தோளில் கை வைத்தார்.

"சுனாமி கேம்புல எங்களுக்கு வேளைக்கு சோறு வந்துச்சு சார். படகு இல்ல. உசுரு இருந்துச்சு, பொழப்பு இல்ல. இவுங்களுக்கு மாடு அப்புடித்தான்."

மாட்டைப் படகில் ஏற்றினால் படகு கவிழும். சினை மாடு அவ்வளவு தூரம் நீந்தாது. செல்வம் என் தண்ணீர்க் கேன்களைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது, காலிக் கேன் மிதக்கும். அஞ்சலையின் குடத்தை நிரப்பியதுபோக மிச்சத்தைக் கொட்டினேன். சேலத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து வெள்ளத்தில் ஊற்றிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான்கு காலிக் கேன்களையும் இறுக மூடி, வலைக் கயிற்றால் மாட்டின் விலாவுக்கு இரண்டிரண்டாகக் கட்டினார் செல்வம். எஞ்சினைப் போட்டால் மிரளும் என்று கழி ஊன்றியே தள்ளினார். அஞ்சலை படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, "வாடி, வாடி என் தாயி" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நடு ஆற்றில் மாடு கால் ஓய்ந்தது. கேன்கள் தாங்கின. நான் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன், லிஸ்ட் இல்லாமல்.

கரையேறியபோது மணி ஒன்றே முக்கால். மூன்றுக்கு வரவேண்டிய தண்ணீர் இரண்டரைக்கே வந்தது. அஞ்சலை நின்ற இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, சனங்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் மீதி அரிசியைக் கொடுத்து முடித்தோம். அங்கேயே வேப்பமரத்தடியில் முந்தின நாள் பசு கன்று ஈன்றிருந்தது. லாரி கிளம்பும் நேரம் அஞ்சலை ஓடி வந்தார்.

"செல்வம்! எப்பா செல்வம், நில்லு!"

வாழையிலையில் மடித்த சீம்பால். வெல்லம் போட்டு அவித்தது, இன்னும் சூடு ஆறவில்லை. "ஒனக்குத்தான்பா" என்று கையில் திணித்துவிட்டுப் போனார்.

சிதம்பரம் வரை செல்வம் அதைப் பிரிக்கவே இல்லை, மடியில் வைத்திருந்தார். சேலம் பஸ் பிடிக்க நான் இறங்கியபோதுதான் பேசினார்.

"ஒரு வருசமா வாங்கிட்டிருக்கேன் சார். எல்லாம் கியூல நின்னு வாங்கினது. யாரையும் கொற சொல்லல, குடுத்த மவராசனுங்க நல்லா இருக்கட்டும். ஆனா பேரச் சொல்லிக் கூப்புட்டு எனக்குன்னு ஒருத்தர் குடுத்தது இதான்."

வெள்ளம் இல்லாத ஊர்க்காரன் நான். மூன்று நாளும் சனங்களைக் கியூவில் நிறுத்தி லிஸ்டைப் பார்த்துக் கொடுத்தவனும் நான்தான். செல்வம் இலையைப் பிரித்து, கட்டியைச் சரிபாதியாகப் பிட்டு, முதல் முறையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நீட்டினார்.