கூடலூரில் நீட்டிய கை

தேனியில் என் கிளினிக்கில் தேவாரத்துக்காரர் ஒருவரின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. "ஒங்க கூட்டாளி டாக்டரு விடியக்காலம் தவறிட்டாகளாமே, தெரியாதா?" என்றார் அவர். எண்ணிக்கொண்டிருந்தது விட்டுப்போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். தொழில் அப்படி. அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன்.

டாக்டர் சுருளிவேலை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரை 'அறுக்கப் பயந்த டாக்டர்' என்று சொன்னவர்களும் படிக்கட்டும்.

வெளிநாட்டில் மனித இதயத்தையே மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி வந்து, டீக்கடை வரை அதே பேச்சாக இருந்த காலம். ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவரும் நானும் நாய்களுக்கு இதயம் மாற்றிக்கொண்டிருந்தோம். அவருக்கு அறுவை, எனக்கு மயக்க மருந்து. ஒரு செவலை நாய் பிழைத்து எழுந்து வாலாட்டியது. அதற்கு மாலை போட்டுக் கொண்டாடினோம். சில வாரங்களில் அதன் உடம்பு புது இதயத்தை அந்நியமாகக் கண்டு அரிக்கத் தொடங்கியது. அதை அடக்க மருந்தைக் கூட்டினோம். மருந்து நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்து அடக்கிவிட, நுரையீரலில் சளி கட்டி நாய் செத்தது. "தையலு நல்லாத்தான் இருக்கு. ஒடம்பு ஏத்துக்கலையே, அதுக்கு எந்தத் தையலப் போடுறது?" என்றார் சுருளிவேல். அதன்பிறகு அவருக்குக் கத்தியைவிட மருந்தின் அளவே பெரிய கவலையாயிற்று. எங்கள் தலைமை மருத்துவருக்கு இருந்த கவலை வேறு. பத்திரிகையில் படம் வர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தேனிப் பக்கத்துக் கூடலூரிலிருந்து முத்தையா வந்து சேர்ந்தான். திராட்சைத் தோட்டக்காரன், கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. இதயம் வீங்கித் துவண்டு போயிருந்தது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. நாய் விஷயம் எப்படியோ அவன் தகப்பனார் சின்னச்சாமியின் காதுக்கு எட்டிவிட்டது.

"நாய்க்கு மாத்துனீகளாம்ல சாமி, எம் மகனுக்கு மாத்தக் கூடாதா?"

"அந்த நாயி செத்துப்போச்சுய்யா," என்றார் சுருளிவேல்.

"மாத்துனதுக்கு அப்புறமும் கொஞ்ச நா இருந்துச்சுல்ல? அந்தக் கொஞ்ச நாளக் குடுங்க."

"அந்த நாளெல்லாம் அவன் தனி அறையில கெடப்பான்யா. நீங்க தொடக்கூட முடியாது. மூச்சுத் திணறித்தான் போவான்."

"கெடக்கட்டும் சாமி. கண்ணுல பாத்துக்கிட்டு இருப்பேன்ல."

தலைமை மருத்துவர் சரி என்றார். நானும் சரி என்றேன். சுருளிவேல் மட்டும் முடியாது என்று நின்றார். அவர் கை வைக்காமல் அங்கே அந்த அறுவை நடக்காது. அறைக்கு வெளியே அவரிடம் கத்தினேன். "எப்படியும் சாகப்போறவன்தானே, என்ன கெட்டுப்போகுது?" அதற்கு அவர், "சாகப்போறான்கிறதுக்காக அவன நாயாக்க முடியுமா?" என்றார். முத்தையாவை ஊருக்கே கூட்டிப் போய்விட்டார்கள். அந்த மாதமே அவன் இறந்த செய்தி வந்தது.

போகாதீர்கள் என்று எல்லோரும் தடுத்தும் சுருளிவேல் கூடலூருக்குத் துட்டி கேட்கக் கிளம்பினார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகிற ஆண் இரண்டு கைகளையும் நீட்டுவான். பறிகொடுத்தவர் அவற்றைத் தொட்டு விடுவார். பேச்சு வேண்டியதில்லை. பகையாளி வந்தாலும் அதை மறுப்பதில்லை. சின்னச்சாமி மறுத்தார். துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார். சுருளிவேல் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைசியில் யாரோ அவர் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். திரும்பும் பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னார்: "அவுக கையக் குடுக்காதது சரிதான்."

பிறகு அவர் நகரத்தை விட்டுத் தேவாரத்தில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வைத்தியம் பார்த்தார். வருஷங்கள் போய், எண்பதுகளில், புது மருந்து ஒன்றால் மாற்றிய இதயம் நிலைக்கத் தொடங்கியிருக்கிறது என்று மருத்துவ இதழ்களில் வந்தது. அதைப் படித்த அன்றே தேனி அல்லிநகரத்தில் என் வீட்டுக்கு வந்தார். சந்தோஷமாகப் பேசுவார் என்று நினைத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "இவுக எப்படிக் கத்துக்கிட்டாக? அன்னைக்குத் துணிஞ்சு அறுத்து, ஆள் ஆளாச் சாகக் குடுத்துத்தான? நான் எங் கையச் சுத்தமா வச்சுக்கிட்டேனோ?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

தேவாரத்தில், அவருடைய துட்டி வீட்டில், தம்பிக்குப் பக்கத்தில் என்னையும் நிறுத்தினார்கள். வந்தவர்களின் கைகளைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தோம். மதியம் கூடலூர் பஸ்ஸில் ஒரு கிழவர் வந்திறங்கினார். சின்னச்சாமி. என் முன்னால் வந்து கைகளை நீட்டினார். தொட்டேன்.

"எனக்கு இன்னமும் மனசு ஆறல," என்றார். "இவுக மாத்தியிருக்கணும்னுதான் இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா துட்டிக்கு வந்த மனுசன் கையத் தொடாம விட்டுட்டேன். அதுக்குத்தான் வந்தேன்."

உள்ளே போய்க் குனிந்து, சுருளிவேலின் இரண்டு கைகளையும் தொட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

சுருளிவேல் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு குடும்பத்திடம் இனி செய்வதற்கில்லை என்று சொல்ல வேண்டி வரும்போதெல்லாம், சொன்னதோடு திரும்பிவிடாமல் நிற்கிறேன். அவர்கள் திட்டி முடிக்கும்வரை நிற்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.