ஆகாசம் என்று அழைத்தவர்களுக்கு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற நீங்கள் எல்லோரும் அவரோடு பழகியவர்கள், அவர் கையால் காபி வாங்கிக் குடித்தவர்கள். ஒரு முறையாவது அவரை "ஆகாசம்" என்று கூப்பிட்டுச் சிரித்தவர்களும் நீங்கள்தான். அதில் நானும் உண்டு. எனவே "பண்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம்" என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. கோபம்தான் வருகிறது. மலருக்கு இது பொருந்தாது என்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன் பிறந்தது பாகலூருக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையைத் தொட்டுக் கிடக்கும் எங்கள் ஊரில். அப்பா பெங்களூர் முதலாளி ஒருவரின் குதிரைப் பண்ணையில் மேஸ்திரியாக இருந்தார். நான்கு ஏக்கர் ராகிக் காடும் இருந்தது. அம்மா சீக்கிரமே போய்விட்டதால், எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அண்ணன்தான். கோணல் வகிடு எடுத்து ஒரு நாளும் அனுப்பியதில்லை. ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் அந்தப் பாகத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவாராம். அவர் கண்ணை அத்தனை பெரிய கம்பெனி நம்பியது. சொந்தக்காரர்கள் நாம் நம்பவில்லை.

துப்பாக்கிக் கதைக்கு வருகிறேன். பண்ணையை விற்றுவிட்டுப் போகும்போது முதலாளி அப்பாவுக்கு ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றையும் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளையும் கொடுத்தார். தட்டுகள் கறுப்பு, மேலே ஆரஞ்சு வண்ணம், காபி சாசர் அளவு. எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கார்த்திகைக்கு ஒன்றில் விளக்கேற்றிப் பார்த்தோம், வீடெல்லாம் தார் நாற்றம். பிறகு கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்தோம். துப்பாக்கிக்கு அப்பா பயிர்க் காவல் லைசென்ஸ் எடுத்தார். ஆனால் அவர் எதையும் குறி பார்த்துச் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அந்தச் சத்தத்துக்கே பன்றிகள் ஓடிவிடும். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் அண்ணன் பேருக்கு வந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும், முடிந்ததும் வாங்கி வந்து எண்ணெய் போடுவதுமாக அதைக் கடைசி வரை வைத்திருந்தார்.

அண்ணன் இளைஞராக இருந்தபோது ஒரு வருடம், ராகி அறுவடைக்கு ஒரு வாரம் இருந்தது. நன்றாக விடிந்துவிட்ட நேரம். ஒற்றைப் பன்றி ராகிக் காட்டுக்குள் நின்றது. அதை விரட்டிவிட மாமா தடியோடு வரப்பில் நின்றார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் மகளை அண்ணனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். நாற்பது அடி தூரத்தில் பன்றி பக்கவாட்டில் நின்றது. அண்ணன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பார்த்துச் சுட்டார். குண்டு பன்றியின் முதுகுக்கு மேலே போய்விட்டது. மிரண்ட பன்றி மாமாமேல் பாய்ந்தது. ஒற்றைக் குழல், அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் மாமாவின் தொடை கிழிந்துவிட்டது. அண்ணன்தான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினார்.

மாமா பிழைத்தார், கால் விந்தியது. பெண் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பன்னி நிக்குது தரையில, இவன் சுடறான் ஆகாசத்துல!" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவர் வைத்த பேர்தான் ஆகாசம். கல்யாண வீட்டில் அண்ணன் நுழைந்தால், "ஆகாசம் வந்தாச்சு, பந்தலுக்கு மேல ஓட்ட போட்டுறப் போறான்" என்பீர்கள். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டு அவர் சாப்பிட்டுவிட்டு வருவார். அண்ணன் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "பாப்பா, நான் சரியாத்தான் பாத்தேன். இது என்னமோ மேல தூக்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏண்ணா, உன் கை நடுங்கினதுக்குத் துப்பாக்கி என்னா பண்ணும்?" என்றேன். அவர் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோதும் அந்தப் பேர் விடவில்லை. மாமா பார்க்க வந்தார். நர்ஸ் ஊசியோடு நின்றார். "நல்லா பாத்துக் குத்தும்மா, இவனாட்டம் ஆகாசத்துல குத்திடப் போற" என்று மாமா சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் புன்னகைத்தார். பத்தாம் நாள் போய்விட்டார்.

லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். காரியம் முடிந்ததும் ஸ்டேஷனில் கடிதம் வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார பாய் உறையிலிருந்து எடுத்தவர், அதைக் கீழே வைக்கவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னாம்மா சுட்டீங்க?"

"பன்னி."

"அய்யோ, அல்லா! இது பன்னிக்குச் செஞ்சது இல்லம்மா. கிளப்புல தட்டு சுடறதுக்குச் செஞ்சது. மிசின்ல தட்டத் தூக்கி வீசுவாங்க. அது மேல ஏறிக்கினே போவும். ஏறுற தட்டுல படணும்னு, நாம பாக்குற எடத்துக்கு மேலயே போற மாதிரி இத செஞ்சிருக்கான்."

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். குழலின் மேலே பாலம் போல உயர்ந்த பட்டை. குறி பார்க்க அதில் ஒன்றுக்கு இரண்டு மணிகள். கன்னம் வைக்கும் கட்டை மற்றத் துப்பாக்கிகளைவிட உயரம். அதனால் கண் மேலே நிற்கும், குண்டும் மேலே போகும். தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு கிடையாது. அது உடைந்துபோய்விட்டது என்றுதான் அண்ணன் நினைத்திருந்தார். அது செய்யும்போதே வைக்கப்படவில்லையாம்.

"தரையில நிக்கிறதச் சுடணும்னா காலுக்குக் கீழ பாக்கணும். தெரியாதவங்க எவ்ளோ நல்லா பாக்குறாங்களோ, அவ்ளோ சுத்தமா மேல போவும். கூட ஏதாச்சும் தட்டு குடுத்தாங்களா? கறுப்பா, மேல ஆரஞ்சு கலரு?"

நான் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். தெரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். அதற்கான விடையில் நாங்கள் கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தோம்.

அங்கிருந்து பஸ் பிடித்து நேரே மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அதிர்ச்சி அடைவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேப்பரை மடித்தார்.

"ஆமா பாப்பா. எனக்கும் அது மேலதான் போச்சு."

"உங்களுக்கா? எப்போ?"

"அந்தப் பன்னி பாஞ்சதுக்கு முந்துன ஆயுத பூஜைக்கு. பொட்டு வெச்சு பூஜ போட்டதும் உங்க அண்ணன்கிட்டக் கேட்டு வாங்கினு போனேன். ஏரிக்கரையில சட்டி வெச்சு மூணு தோட்டா போட்டேன். மூணும் மேல. ஒண்ணும் படல."

"ஏன் மாமா சொல்லல?"

"எவன் சொல்லுவான், எனக்குக் குறி தப்புதுன்னு? தனியாத்தான் போனேன். யாரும் பாக்கல."

யாரும் பார்க்கவில்லை! மாமா, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் பன்றியின் காலுக்குக் கீழே பார்த்திருப்பார். பன்றி விழுந்திருக்கும், உங்கள் காலும் நன்றாக இருந்திருக்கும். உங்கள் மூன்று தோட்டாவை மறைத்துக்கொண்டு, அண்ணனின் ஒரு தோட்டாவை ஊருக்கெல்லாம் பரப்பியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைப் பார்த்துச் சிரித்தபோதும் உங்களுக்குத் தெரியும். எப்படி மாமா மனசு வந்தது?

புறப்படும்போது, "நடந்தது நடந்துபோச்சு, செத்தவன் திரும்பி வரப் போறானா? இத மலர்ல கிலர்ல போட்டுனு இருக்காத" என்றார். போட்டுவிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணனை மழையிலும் வெயிலிலும் டயாலிசிஸுக்கு ஆட்டோவில் அழைத்துப் போன எதிர்வீட்டுத் தம்பிக்கு நன்றி. முறை வைத்து ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கு நன்றி. முன்பின் தெரியாத ஒருத்தி அழுவதைப் பார்த்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "உங்க அண்ணன் நல்லாதாம்மா சுட்டிருக்காரு" என்று சொன்ன கடைக்கார பாய்க்கு, என் உயிர் உள்ளவரை நன்றி.

திதியன்று எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும். ஐந்நூறு பேருக்குச் சமையல் சொல்லியிருக்கிறேன். மாமா, நீங்கள் முன்வரிசையில் உட்காருங்கள். படையல் முடிந்ததும் எழுந்து, அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, எனக்குச் சொன்ன அந்த ஒரு வரியை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். "எனக்கும் அது மேலதான் போச்சு." வேறெதுவும் சொல்ல வேண்டாம், அழவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லி முடித்த பிறகுதான் பந்தியில் இலை போடுவோம்.

தங்கை