மங்கம்மா அறுக்காத கயிறு

நான் ஒரு பெண்ணின் மேல் பழி போட்டேன். என் கையால் கட்டிய மரப்படி என் பிழையால் கழன்றது. அவள் கயிற்றை அறுத்ததால் கழன்றது என்று நான்கு பேர் முன்னால் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

முதலில் இதைச் சொல்லிவிட்டேன். மற்றதையும் கேட்க உங்களுக்கு மனம் இருந்தால் கேளுங்கள்.

நான் பெரிதாகப் படித்தவன் அல்லன். மணலில் விரல் வைத்து எழுத்துகளைக் கற்றேன்; சொற்களைச் சேர்த்து வாசிக்கப் பழகும் முன்பே வீட்டை விட்டு ஓடிவிட்டேன். உப்பளத்தில் கால் வெந்தது. நெல்லூர்ப் பக்கம் மாடு ஓட்டினேன். பட்டினியாகப் படுத்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் படுத்தார்கள், நானும் படுத்தேன். கடைசியில் பழவேற்காட்டில் ஒதுங்கினேன். கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது.

கப்பல்கள் கரைக்கு வராமல் ஆழத்தில் நிற்கும். சரக்கை ஏற்றி இறக்க மசூலாப் படகுகள் உண்டு. அந்தப் படகில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் அது வளைந்து கொடுக்கும், பிளக்காது. அந்தத் தையல் எனக்குக் கைவந்தது. வாழ்க்கையில் ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலை!

கோட்டைக்கு வெளியே ஒரு மரைக்காயருக்கு மாடி வீடு இருந்தது. கீழே அவருடைய கிடங்கு. மாடி அறையை வாடகைக்கு விட நினைத்தார். வெளிப்புறமாக ஏற ஒரு மரப்படி வேண்டும் என்றார். இரண்டு பனை உத்திரமும் பழைய படகுப் பலகைகளும் ஒரு கூடை ஆணியும் எடுத்து வைத்தார்.

"ஆணி எதுக்கு பாய்? இந்த உப்புக் காத்துல ஒரே வருசத்துல துரு தின்னுடும். தெச்சிட்றேன்."

"படியைத் தைக்கறதா? இன்னாப்பா சொல்றே, இது இன்னா படகா?"

"கடலையே தாங்குது பாய், நாலு மனுச காலைத் தாங்காதா?"

அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். பதினான்கு பலகைகளையும் கயிற்றால் தைத்து உத்திரத்தோடு இறுக்கினேன். ஊரார் வந்து பார்த்தார்கள். நானும் அன்று முழுவதும் தலை நிமிர்ந்து நடந்தேன்... அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

மாடிக்குக் குடிவந்தவன் நாகய்யா. துணியில் பூவும் கொடியும் எழுதுகிறவன். கோட்டைக்காரர்கள் அவன் துணியைக் கேட்டு வாங்குவார்கள். மூங்கில் குச்சி முனையில் அவன் ஒரு கொடியை இழுத்தால் அது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. அவன் மனைவி மங்கம்மா துணிகளை ஏரியில் அலசிச் சொட்டச் சொட்டத் தலையில் சுமந்து, அந்தப் படி வழியே மாடிக்கு ஏற்றி உலர்த்துவாள். ஒரு நாளைக்குப் பத்து நடை.

"அண்ணா, உன் படி முனகவே மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரர்தான் முனகறாரு," என்பாள். நாகய்யா உள்ளிருந்து, "கேக்குது, கேக்குது," என்பான்.

படி ஏன் முனகவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஏற்றிய ஈரத்துணி தினமும் அந்தக் கயிற்றை நனைத்தது. நனைந்த கயிறு உப்பி, துளையில் இறுகி நின்றது. காய்ந்தால் சுருங்கித் தளரும். கரையில் நெடுநாள் கிடந்த படகை நாங்கள் அப்படியே கடலில் இறக்கமாட்டோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தையலை இறுகவைத்த பிறகே இறக்குவோம். எங்கள் ஆட்களுக்கு இது மூச்சுவிடுவது போல. படி கட்டிய அன்று இது என் நினைவில் இல்லை. படி ஒரு நாளும் கடலுக்குப் போகாதே!

அந்தக் கோடையில் கப்பல் வரவில்லை. கோட்டையில் துணி கேட்பார் இல்லை. நாகய்யா சும்மா உட்கார்ந்திருந்தான். ஈரத்துணி ஏறுவது நின்றது. பங்குனி, சித்திரை வெயில் ஒன்றரை மாதம் அந்தப் படியைக் காய்ச்சியது.

மங்கம்மா கடற்கரைக்கே என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணா, நாலாவது படி ஆடுது. கெழவன் பல்லு மாதிரி ஆடுது. வந்து பாரேன்."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கயிறு காய்ந்துவிட்டது. 'தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றம்மா' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், என் படிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஊர் சிரிக்கும். ஆணிக் கூடையைத் திருப்பிக் கொடுத்தவன் அல்லவா நான்? சுற்றிலும் படகுக்காரர்கள் நின்றிருந்தார்கள்...

"படகுல ஏறினா இன்னும்தான் ஆடும். பயந்தா தரையில குடி இரு," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "நாளைக்கு வரேன்," என்றேன். போகவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் நாகய்யா இறங்கி வரும்போது நாலாவது பலகை புரண்டது. அவன் வலக்கை ஊன்றி விழுந்தான். நான் போனபோது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துளையில் உரசி உரசிக் கயிறு அற்றிருந்தது. நுனியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

மரைக்காயர் என்னைப் பார்த்து, "இன்னாப்பா இது? கடலையே தாங்கும்னியே!" என்று கேட்டார்.

நிமிர்ந்தேன். மாடியில் துணி உலர்த்த மங்கம்மா கட்டியிருந்த கொடிக்கயிறு கண்ணில் பட்டது. அதுவும் தென்னங்கயிறு. என் வாய் தானாகப் பேசியது என்று சொன்னால் அதுவும் பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

"துணி ஒணத்தறதுக்குப் படியிலேர்ந்து கயிறு அறுத்துக்கீறாங்க பாய். மேல பாருங்க."

"ஐயோ, இல்ல பாய்! அது சந்தையில வாங்கினது. அண்ணா, நான் உங்கிட்ட வந்து சொன்னேனே, ஆடுதுன்னு!"

"அறுத்த பயத்துலதான் வந்து சொன்னே," என்றேன்.

எவ்வளவு எளிதாக வந்தது! மரைக்காயர் கெட்டவர் அல்லர்; மூன்று நாள் தவணை கொடுத்துக் காலி செய்யச் சொன்னார். நாகய்யா என்னைப் பார்க்கவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அப்போதே அவன் நம்பிவிட்டான் என்று தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அதே படிக்கு நானே ஆணி அடித்தேன். பிறகு ஊரை விட்டுக் கிளம்பினேன். தெற்கே எத்தனையோ துறைகளில் படகு தைத்தேன். ஒன்பது ஆண்டுகள் திரிந்துவிட்டுப் பழவேற்காட்டுக்கே திரும்பினேன்.

ஒருநாள் காலையில் ஏரி வழியே சுண்ணாம்புக்குளம் போகும் படகில் ஏறினேன். எதிரே வேர்க்கட்டுகளுக்கு நடுவில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வலக்கை வளைந்து காய்ந்திருந்தது.

"தையக்காரன்தானே நீ?" என்றான் நாகய்யா. குரலில் கோபமே இல்லை! "இப்ப சாயவேரு தோண்டி விக்கிறேன். எடக்கையால தோண்டலாம், எழுதத்தான் வரல."

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"கை போனதுகூட ஆறிடுச்சி. இன்னிய வரைக்கும் அறுக்கலன்னே சாதிக்கிறா பாரு, அதான் தாங்கல. 'ஆமா, அறுத்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மன்னிச்சிருப்பேன். சோறு போடறா, துன்றேன். அவகிட்ட பேசி ஒம்போது வருசம் ஆவுது."

ஏரி நடுவில் இருந்தோம். இறங்கி ஓட இடமில்லை. சொல்ல நேரம் இருந்தது... நிறைய நேரம் இருந்தது. சொல்லவில்லை.

கரையில் மங்கம்மா வேர்க்கட்டுகளை இறக்கக் காத்திருந்தாள். தலை நரைத்திருந்தது. முழங்கால் நீரில் நடந்து வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா," என்றாள். "நீ கட்டின கயிறு. உனக்குத் தெரியும். இவரு எதிர்ல சொல்லிடு. நானா அறுத்தேன்?"

நாகய்யா திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. அவள் சொன்னது நிஜமாக இருக்குமோ என்ற சந்தேகம். நான் ஒரு சொல் சொன்னால் போதும். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

"நான் எதையும் பாக்கலம்மா," என்றேன்.

அவள் கை படகின் விளிம்பிலிருந்து நழுவியது. வேர்க்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அவன் முன்னால் நடந்தான். அவள் பத்தடி பின்னால் நடந்தாள். நான் இறங்கவே இல்லை. வந்த படகிலேயே திரும்பினேன்.

அவர்கள் இருவரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். காற்று சரியாக இருந்தால் அரை நாள் பயணம். தினமும் காலையில் படகு கிளம்புகிறது. துறையில் நின்று, ஆள் ஏறுவதைப் பார்க்கிறேன்...