பாவாயிக்கு முதல் பிடி

என் தங்கை சௌந்திரம் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் பரம்பரையில் முதல் எம்.ஏ. நான் ஐந்தாம் வகுப்போடு லாரிக்குப் பலகை அடித்துப் பாடி கட்டப் போனவன்.

1876-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் பாட்டனாரின் தாய் பாவாயி ஒரு களஞ்சியத்தின் வாசலில் செத்தாள். உள்ளே கம்பு கூரை முட்ட இருந்தது. கேட்டு வந்தவர்களைச் சாட்டையால் அடித்து விரட்டினார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் களி கிண்டினால் முதல் பிடியை வட்டலின் ஓரத்தில் வைத்து, "பாவாயிக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவோம். அந்தக் களஞ்சியக்காரரின் கொள்ளுப்பேரன்தான் பள்ளித் தாளாளர் கந்தப்பன்.

1984 ஜூலையில் ஒன்பதாம் வகுப்புத் துணைப்பாடத்தில் அந்தப் பஞ்சத்தில் சாட்டையால் விரட்டப்பட்டு, களஞ்சிய வாசலில் சாகும் ஒரு பெண்ணின் கதை வந்தது. கந்தப்பனின் மகள் பொன்னாத்தாளும் அதே வகுப்பு. நான் தங்கையிடம் சொன்னேன்:

"அம்மிணி, சாட்டை எடுத்தவன் பேசற பக்கத்த அந்தப் புள்ளயப் படிக்கச் சொல்லு. நாப்பது பேரு முன்னால தலை குனியோணும்."

"அதுக்குப் பதினாலு வயசுதாண்ணா."

"நம்ம பாவாயிக்கு இருபத்தாறு."

"பலகையாட்டம் பழியையும் அளந்து வெச்சிருக்கறீங்களாக்கும்!"

"அங்குலம் பிசகாம."

சௌந்திரம் கதை நடத்தினால் ஆண்டு, காரணம் என்று கேட்கமாட்டாள். ஆளுக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, 'நான்' என்று எழுதிவரச் சொல்வாள். பொன்னாத்தாளுக்கு அவள் கொடுத்தது வாசலில் சாகும் பெண்ணை. எங்கள் சாவை அந்த வீட்டுக்கே கொடுப்பதா? இரண்டு நாள் நான் தங்கையோடு பேசவில்லை.

பொன்னாத்தாள் எழுதிவந்தாள்: "எனக்குக் கம்பு வாசனை வருகிறது. கதவு திறந்தால் முதல் பிடி என் மகனுக்கு." மேலே படிக்க முடியாமல் அழுதாள். பிறகு கேட்டாள்: "டீச்சர், இப்பிடி நெசமாச் செத்தவங்க பேரு தெரியுங்களா?"

சௌந்திரம் பாவாயியின் பெயரையும், நாங்கள் வைக்கும் பிடியையும் சொன்னாள். எந்தக் களஞ்சியம் என்று பொன்னாத்தாள் கேட்டதற்கு, "ஊட்டுல கேளு சாமி" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டில் கேட்டிருக்கிறாள். திங்கள் காலை பத்து மணிக்குக் கந்தப்பன் என் தங்கையைக் கூப்பிட்டார்.

"பாடம் நடத்தச் சொன்னா பகைய நடத்தறீங்களா?"

"நான் செத்தவ பேரு மட்டுந்தானுங்க சொன்னேன். மிச்சத்த பாப்பாவே படிச்சுக்கிச்சுங்க."

வேலையை விட்டு நீக்குவதாக மிரட்டினார்.

"காரணத்தக் காயிதத்துல எழுதிக் குடுங்க, போயிர்றேன்."

எழுதினால் களஞ்சியத்தையும் எழுத வேண்டும். அவர் எழுதவில்லை.

அவர் வீட்டில் சமைக்கும் அத்தாயி சொல்லித்தான் எனக்கு மீதி தெரியும். பொன்னாத்தாள் இப்போது அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, முதல் பிடியை ஒதுக்கிப் பெயர் சொல்கிறாள். அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்குவதில்லையாம்.

நான் கேட்ட பழி ஒரு பாடவேளையில் தீர்ந்திருக்கும். என் தங்கை வாங்கியது தினம் இரண்டு வேளை. இறங்கவே வேண்டாம்.