பின்னால் நின்ற பனைகள்

பெண் பார்க்க வருமுன் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். முன்பு வந்த இரண்டு இடங்களும் என் நிறத்தைச் சொல்லித் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை வேதக்கோயிலில் ஒருமுறை பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. இதுவும் கைநழுவிவிடுமோ என்று பயந்தேன்.

நாகர்கோவிலிலிருந்து படக்காரர் வந்து, முற்றத்தில் என்னை உட்காரவைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். லென்சின் துவாரத்தை அகலத் திறந்தால் என் முகம் மட்டும் துலங்கும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிவிடும் என்றார். எனக்கு அது போதும். அப்பாவுக்குப் போதவில்லை.

"வே, பெண்ணு எங்க போயிரப்போறா? வீடும் அந்தப் பனையளும் தெளிவா விழணும். எல்லாம் நம்ம விளையாக்கும்."

பனைகள் நின்ற அந்த விளை, அந்தத் தோப்பு, வேலிக்கு அப்புறம், பக்கத்து வீட்டுக்காரருடையது. படக்காரர் துவாரத்தைச் சிறிதாக்கினார். வெளிச்சம் கொஞ்சமாகத்தான் நுழையும், அதனால் கூடுதல் நேரம் அசையாமல் இருக்க வேண்டுமாம். உடனே ஒரு ஈ வந்து என் மூக்கில் உட்கார்ந்தது. அனங்காதே, ஆடாதே என்று அப்பா அதட்டினார். ஈயை யாரும் அதட்டவில்லை.

படம் அருமையாக விழுந்தது. ஓடுகளை எண்ணலாம். எல்லாம் நம்ம விளை என்று சொல்லித்தான் அப்பா கொடுத்தனுப்பினார்.

மாப்பிள்ளையின் அப்பா நேரிலேயே வந்துவிட்டார். சபையில் பாதிரியாருக்குத் துணையாக ஊழியம் செய்து ஓய்வுபெற்ற உபதேசியார், குடி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர். படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார்.

"இந்தப் பனையில தொங்குத கலயத்துல சுண்ணாம்பக் காணோமே?"

பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், வாயோரம் வெள்ளை தெரியும். சுண்ணாம்பு இல்லையென்றால் கள். எங்கள் சபையில் மதுவிலக்குப் பிரசங்கம் செய்பவரே அப்பாதான். ஒன்று கள்ளுக்குச் சொந்தக்காரர் ஆக வேண்டும், இல்லையென்றால் பொய்யர் ஆக வேண்டும். அவர் முகத்தில் வியர்வை அரும்பியது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"அது நம்ம மரமில்ல," என்றார் கடைசியில்.

"அப்பம் வீடு?"

"வீடு நம்மதுதான்."

"பெண்ணு?"

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். உபதேசியார் என்னை வெளியே கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். தமக்குச் சம்மதம் என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு மறுபடியும் படத்தைக் கையில் எடுத்து என்னிடம் கேட்டார்.

"இதுல நீயும் இருக்கியா மக்களே? வீட்டுல எல்லாருமா பனையத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்."