அம்மாவுக்கும் மகளுக்கும் கொடுத்த வாக்கு

வேலை போன பிறகுதான் நான் பிலிப்பைன்ஸுக்குப் போனேன். பதினாறு வருஷம் ஒரே கம்பெனி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நிமிஷ மீட்டிங்கில் எங்கள் டீமையே எடுத்துவிட்டார்கள். கையில் நாலு மாதச் சம்பளம் இருந்தது. மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். அமெரிக்காவில், எங்கள் பிரிட்ஜ்வாட்டர் வீட்டில் பகல் முழுக்க நானும் டிஷ்வாஷர் சத்தமும்தான். ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் ஓர் அமைப்புக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று பழைய தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். கடன் வாங்குகிறவர்களைப் பார்த்துப் பேசி, அவர்கள் கதையை இணையதளத்துக்கு எழுதித் தர வேண்டும். ஆறு வாரம். டிக்கெட் நம் செலவு.

"வேலைக்கு அப்ளை பண்ற நேரத்துல இது தேவையா?" என்றார் கணவர்.

"தேவைதான்" என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அவர் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு, "மாத்திரை எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இலோய்லோ நகரத்திலிருந்து ஒரு மணி நேரம், ஜீப்னி என்கிற அந்த ஊர் ஷேர் வண்டியில் நெருக்கியடித்துப் போனால் அந்தக் கடலோர ஊர் வரும். புதன்கிழமை காலைகளில் கூரை போட்ட பாஸ்கெட்பால் மைதானத்தில் குழு கூடும். நம் ஊர் மகளிர் குழு மாதிரியேதான். ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து, ஒருத்திக்கு மற்ற நாலு பேர் ஜாமீன். அமைப்பின் களப் பணியாளரான ஓர் இளம்பெண் எனக்கு மொழிபெயர்த்தாள். அவள் எல்லாப் பெண்களையும் 'மனாங்' என்று கூப்பிட்டாள். அக்கா என்று அர்த்தம். இரண்டாவது வாரத்தில் நானும் மனாங் ஆகிவிட்டேன்.

ஒரு குழுவின் தலைவியாக இருந்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். நெத்திலி காயவைத்து விற்பவர். புருஷன் இல்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருந்தார். உடைந்த ஆங்கிலத்தில் என்னிடம் நேராகவே பேசுவார். கூட்டத்தில் அவர் மட்டும் என்னை மனாங் என்று சொல்லவில்லை, 'இண்டாய்' என்பார். சின்னப் பெண்ணே என்பது போல. ஐம்பத்திரண்டு வயதில் என்னை அப்படிக் கூப்பிட ஒருவர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

என் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. "முதல் கடன் எதுக்கு வாங்கினீங்க?"

அவர் களப் பணியாளரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேப்பர்ல மீன் வலைன்னு இருக்கும். நிஜத்துல என் மகளோட ஏரோப்ளேன் டிக்கெட். அமெரிக்காவுக்கு."

"அமெரிக்காவுல எங்க?"

"நியூ ஜெர்ஸி."

நானும் அங்கேதான் இருக்கிறேன் என்றதும் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மீன் வாடையும் தேங்காய் எண்ணெய் வாடையும் கலந்து அடித்தது. "என் மகளைப் பாத்திருக்கியா?" என்றார். அவ்வளவு பெரிய இடத்தில் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே பாக்கறேன்" என்றேன்.

அன்று மதியமே வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். தகரக் கூரை, பாதி பூசிய சுவர். ஆனால் பின்னால் ஒரு குளியலறை, தரையிலிருந்து கூரைவரை வெள்ளை டைல்ஸ், சுவரில் ஹீட்டர். குளிர் ஊரில் இருந்து வருகிற மகளுக்கு வெந்நீர் வேண்டுமே என்று கட்டியது. மகள் போய்ப் பதினொரு வருஷம். ஒரு முறைகூட வரவில்லை. வீட்டில் வேறு யாரும் அதில் குளிப்பதில்லை. என்னைக் குளிக்கச் சொல்லிவிட்டு வெளியே நின்றுகொண்டு, "சூடு போதுமா? அங்க இப்படித்தான் வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்காலில் ஒரு புண். காசு அளவு இருக்கும். ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"எவ்வளவு நாளா இது?"

"சிப்பி குத்திடுச்சு. ஆறிடும்."

மருமகள்தான் சொன்னாள், சர்க்கரை இருக்கிறது, ஞாபகம் வந்தால்தான் மாத்திரை என்று. அடுத்த நாள் அவரை வற்புறுத்தி டவுன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சுத்தம் செய்து கட்டுப் போட்டார், ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார், கறுப்பு பரவினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். நான் அங்கே இருந்த வரைக்கும் அவர் போனார். நான் கூடப் போனதால் போனார்.

கிளம்பும் நாள் ஒரு பொட்டலம் கொடுத்தார். நெத்திலிக் கருவாடு, மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே துணி தைத்தது. அதை என் கையில் வைத்துவிட்டு, கையை விடாமல் சொன்னார்:

"கால் விஷயம் அவகிட்ட சொல்லாத, இண்டாய். சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா. கிறிஸ்துமஸுக்கு எப்படியும் லீவு தரச் சொல்றேன்னு சொல்லியிருக்கா. சந்தோஷமா வரட்டும்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

நியூ ஜெர்ஸியில் அவருடைய மகள் இருந்த வீடு எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ டிரைவ். மறதி நோய் முற்றிய ஒரு வயதானவரை அவள் கூடவே தங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய வீடு, அவர்கள் இருவர் மட்டும். நாற்பதை நெருங்கும் வயது, அம்மாவின் அதே சிரிப்பு. வாசலில் நின்றபடியே பொட்டலத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க" என்றேன்.

அவளுக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் மட்டும் விடுமுறை. அதனால் ஞாயிறுகளில் நான் அவளைக் கூட்டிக்கொண்டு பிலிப்பினோ கடைக்குப் போக ஆரம்பித்தேன். பிறகு நம் ஊர்க் கடைக்கும் போவோம். எங்கள் வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, காரத்தில் மூக்கை உறிஞ்சுவாள். என் மகள் லீவுக்கு வந்தபோது இருவரும் என்னைப் பற்றியே ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அதற்குள் எனக்கு வேறு வேலையும் கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிறு காரில் வரும்போது, "கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டேன். அம்மாவுக்காகத்தான் கேட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டூரிஸ்ட் விசாவில் வந்தவள். விசா முடிந்து வருஷக்கணக்காகிறது. காகிதம் எதுவும் இல்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. அவள் அனுப்பும் பணத்தில்தான் அண்ணன் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"லீவு கிடைக்கலன்னு சொல்லிட்டிருக்கேன். பதினொரு வருஷமா எனக்கு லீவு கிடைக்கல, மனாங்." சிரித்தாள். பிறகு, "நீங்க அம்மாகூடப் பேசறீங்கல்ல? சொல்லிடாதீங்க. இனிமே வரவே மாட்டேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

"சொல்ல மாட்டேன்" என்று அவளுக்கும் சொன்னேன்.

இதில் என்னை நானே மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. நான் அமெரிக்காவுக்கு வந்த நாலாவது வருஷம் திருநெல்வேலியில் என் அப்பா பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் "அப்பா தூங்குறாங்க" என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். "அவ்ளோ தூரத்துல இருக்கறவகிட்ட எதுக்குச் சொல்லி" என்றான் அண்ணன். அவனோடு இரண்டு வருஷம் நான் பேசவில்லை. இருந்தும் அவன் செய்ததையே நானும் செய்தேன். யோசித்து, நல்லது என்று நினைத்துச் செய்தேன்.

கோடையில் ஒருநாள் களப் பணியாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தலைவி மனாங் இரண்டு புதனாகக் கூட்டத்துக்கு வரவில்லை, காய்ச்சல் என்கிறார்கள். உடனே வீடியோவில் கூப்பிட்டேன். முகம் மட்டும் தெரிந்தது. உதடு வறண்டிருந்தது.

"காலைக் காட்டுங்க" என்றேன்.

"நெட்வொர்க் சரியில்ல, இண்டாய்."

"முகம் தெரியுதுல்ல? காலைக் காட்டுங்க."

சிரித்தார். "நீ என் மகள் மாதிரியே திட்டற" என்றார். கட்டாகிவிட்டது. கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் களப் பணியாளருக்கு எழுதினேன். மகளின் நம்பர் கையில் இருந்தது. அவளால் போக முடியாது, சொன்னால் இங்கே உட்கார்ந்து துடிப்பதைத் தவிர வேறு என்ன செய்வாள் என்று நினைத்தேன். அந்த ஞாயிறும் அவளோடு கடைக்குப் போனேன். மாங்காய் நன்றாக இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது நாள் கழித்து, ஆபீஸ் பார்க்கிங்கில் இருந்தபோது அவள் போன் வந்தது.

"அம்மா போயிட்டா" என்றாள். காலில் இருந்து விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள்.

அடக்கம் அங்கே சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. நமக்கு வெள்ளி மாலை எட்டு மணி. வயதானவரைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அவர் பிள்ளை வேறு மாநிலத்தில் இருந்தார். தனியாக இருக்கிறாளே என்று நான் எலுமிச்சைச் சாதம் செய்து எடுத்துக்கொண்டு போனேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சமையலறை மேஜையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். அங்கே போனைப் பிடித்திருந்தது அவள் அண்ணி. வெள்ளை உடுப்புகள், குடைகள், பாட்டு. குழுப் பெண்கள் ஐந்து ஐந்து பேராகத்தான் நின்றார்கள். சின்னப் பிள்ளைகளைச் சவப்பெட்டிக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தார்கள். அது அவர்கள் வழக்கம். இறந்தவர் கனவில் வந்து பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் இருக்கவாம். அவள்தான் எனக்கு மெதுவாக விளக்கினாள்.

அந்தக் கல்லறைகள் சுவர்போல அடுக்கடுக்காக இருக்கும். மூன்றாவது அடுக்குக்குப் பெட்டியைத் தூக்கும்போது, உள் அறையிலிருந்து அந்த வயதானவர் கூப்பிட்டார். பாத்ரூம் போக வேண்டும். நான் எழுந்தேன். "உங்களைத் தெரியாது, பயந்துடுவார்" என்று அவள் எழுந்துவிட்டாள். போனை என் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்கிட்டே இருங்க. கண்ணை எடுக்காதீங்க" என்றாள்.

நான் கண்ணை எடுக்கவில்லை. பெட்டி உள்ளே போனது. யாரோ ஓர் ஆள் சிமெண்ட் குழைத்தான். உள்ளே அவள் அந்தப் பெரியவரிடம், "மெதுவா, மெதுவா, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்வது கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் அடைத்துவிட்டார்கள்.

"முடிஞ்சிடுச்சா?"

"இப்பதான்" என்றேன்.

எல்லோரும் கலைந்த பிறகு அவள் பாத்திரம் கழுவப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "அண்ணி சொன்னா, புண்ணை மொதல்ல பாத்தது நீங்கதானாம். கிளினிக் கூட்டிப்போனீங்களாம்."

"ஆமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அம்மா சொல்லாதன்னு கேட்டுக்கிட்டாங்க."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "தெரிஞ்சிருந்தா தினம் போன் பண்ணித் துரத்தியிருப்பேன். என் பேச்சைக் கேட்பா. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் பணம் அனுப்பியிருப்பேன்" என்றாள். பிறகு குழாயை மூடினாள். "நான் கேட்டுக்கிட்டதையும் காப்பாத்தினீங்களா?"

"காப்பாத்தினேன்."

"அப்ப கடைசி வரைக்கும் லீவு கிடைக்காமதான் வரலன்னு நெனச்சிருக்கா."

"ஆமா" என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. எலுமிச்சைச் சாதத்தை ஃபிரிட்ஜில் வைத்தாள். "டிரைவ் பண்ணும்போது ஜாக்கிரதை, மனாங்" என்று கதவுவரை வந்தாள். அடுத்த ஞாயிறு நான் போன் செய்தபோது எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

"நீ என்ன பண்ணியிருக்க முடியும்? ரெண்டு பேரும்தான உன்கிட்ட பிராமிஸ் வாங்கினாங்க" என்றார் கணவர். ஆறுதலுக்குச் சொன்னார். நானும் தலையாட்டினேன். என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெளிவாகவே தெரியும். ஒரு போன். பார்க்கிங்கில் இருந்தபடியே செய்திருக்கலாம்.

ஆறேழு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். அந்தப் பெரியவர் இறந்துவிட்டார், கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் போகிறேன், ஸ்டேஷன்வரை விட முடியுமா என்றாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.

திடீரென்று, "அம்மா என்ன உயரம் இருந்தா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"போன்ல முகம் மட்டும்தான தெரியும். நீங்க பக்கத்துல நின்னிருக்கீங்கல்ல. உங்களுக்கு எதுவரைக்கும் வருவா?"

காரிலிருந்து இறங்கி நின்றேன். அவளும் இறங்கி வந்தாள், அவள் உச்சந்தலை என் தாடைவரை வந்தது. நான் என் தோளுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன்.

அவள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் கிளம்பும்போது என் உயரம் இருந்தா" என்றாள்.

பஸ் வந்தது. பெட்டிகளில் ஒன்றை நானும் தூக்கிக் கொடுத்தேன்.