மூக்கில் எழுதியிருந்தது

என் மூக்கைப் பார்த்துத்தான் எனக்கு அந்த வேலை இல்லையென்றார்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மூக்கிலும் கன்னத்திலும் சிவப்பு நூலைப் பிரித்துப் போட்ட மாதிரி நரம்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் வெட்கப்படுகிறவன் போலிருப்பேன். எனக்கு வெட்கம் இருந்ததாக என் மனைவி ஒரு நாளும் சொன்னதில்லை.

கேட்டது மணிக்காரர் வேலை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயில் நின்று, வருகிறவனை ஊதச் சொல்லி, குடித்தவனை நிறுத்தி, மற்றவர்களைக் கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏற்றி, மணி அடித்துக் கீழே அனுப்ப வேண்டும். பதினெட்டு வருடம் பாறை குடையும் மெஷின் பிடித்து என் நெஞ்சு தூசியால் அடைத்திருந்தது. மேலே வந்துவிட்டால் இன்னும் சில வருடம் இருப்பேன்; கீழேயே கிடந்தால் இருக்க மாட்டேன். அதைச் சொல்லி, மேல் வேலைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவரே ஆஸ்பத்திரி டாக்டர்தான். குடியை விட்டும் மூன்று வருடம் ஆகியிருந்தது.

சீட்டோடு கிளம்பிய காலையில் மனைவி என்னை உட்காரவைத்து மூக்குக்குப் பவுடர் போட்டாள்.

"இது இன்னாத்துக்கு?"

"மூஞ்சி சாராயக்கடை போர்டு மாதிரி கீது. சும்மா குந்துய்யா."

ஸ்கெலட்டன் குடியிருப்பு லைனிலிருந்து ஷாஃப்டுக்கு நடந்து போவதற்குள் வேர்வை பவுடரில் வாய்க்கால் வெட்டிவிட்டது. வெள்ளைக்கு நடுவில் சிவப்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்திருக்கும். போர்மேன் சீட்டைப் பிரிக்கவே இல்லை.

"நாப்பது பேர் உசிரை இந்த மூக்காண்ட குடுக்கச் சொல்றியா?"

"மூணு வருசமா தொடல சார். ஊதிக் காட்டட்டா?"

"நீ ஊதவே வாணாம். அதான் எழுதி ஒட்டிகீதே. கீழ போ."

நின்றவர்கள் சிரித்தார்கள். வழக்கமாக நான்தான் முதலில் சிரிப்பேன். ஷிப்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை அதுதான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் போர்மேனின் கையை எனக்குத் தெரியும்.

ஐம்பத்தாறாம் வருடம் மெஷின் வேலைக்கு ஆள் எடுத்தவர் அவர்தான். சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். ஒவ்வொரு கையாக அமுக்கிப் பார்ப்பார். நரம்பு புடைத்திருந்தால் மெஷின். இல்லாவிட்டால் திரும்பிப் போ. எங்கள் லைனில் எல்லாருக்கும் ஒரு வழி தெரியும்: ஆண்டர்சன்பேட்டைக்குப் பின்னால் போய் ஒரு கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தால் நரம்பு கயிறு மாதிரி எழும்பும். எனக்கு அதுவரை சாராய வாசனையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். இதே மூக்கைத்தான்.

வரிசை முழுக்க நாறியது. போர்மேனுக்கு ஜலதோஷம் ஒன்றும் இல்லை. "நரம்பு நல்லா கீது, மெஷினுக்குப் போ" என்றார். கீழே போன பிறகு உடம்பு வலிக்குக் குடித்தேன். அப்புறம் குடிப்பதற்காகவே குடித்தேன். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் கிளாஸுக்குச் சொல்வேன்.

நேரே டாக்டரிடம் போய்க் கத்தினேன். அவர் என்னை மூச்சு வாங்க விட்டுவிட்டுச் சொன்னார்:

"குடிச்சா தோலுக்கடியில இருக்கிற ரத்தக்குழாய் விரியும். கையில பொடைச்சதும் அதான், பலம் இல்ல. தெளிஞ்சா சுருங்கும். வருசக்கணக்கா விரிச்சா, மூஞ்சில இருக்கிற சின்னக் குழாய் விரிஞ்சபடியே நின்னுடும்."

"நான்தான் வுட்டுட்டேனே சார்."

"நீ வுட்டது அதுக்குத் தெரியாதுப்பா. குடிக்காதவனுக்கும் சில பேருக்கு இப்படி வரும். மூக்கை வெச்சு யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது."

"அதை எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். போர்மேன் இந்தச் சீட்டைப் படித்தார். ஒரு மாதம் தினமும் காலையில் எல்லார் முன்னாலும் தன் முகத்தில் ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினேன். ஒவ்வொரு நாளும், இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, இருமல் வரும்வரை ஊதினேன்.

வேலை கிடைத்தது. முதல் நாள் போர்மேனும் கீழே போக வந்தார். நான் கேஜ் கதவைத் திறக்கவில்லை.

"ஊதுங்க சார்."

"யாருகிட்ட பேசறே?"

"எல்லாருக்கும் ஒரே ரூல் சார். நீங்க போட்டதுதான்."

பின்னால் நாற்பது பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர் குனிந்து என் மூக்குக்கு நேராக ஊதினார். வெற்றிலை வாசனை மட்டும்தான். எங்களை முதல் கிளாஸ் போட வைத்த மனுஷன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

கதவைத் திறந்தேன், மணி அடித்தேன். கேஜ் இறங்கியது. குடிகாரராக இருந்திருந்தாலாவது அவரை மன்னித்திருப்பேன்.